அறுபத்தொன்றாம் மலை

பெரியப்பா அந்த வரைபடத்தை எனக்கு விரித்துக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. சாப்பாட்டு மேசையைப் பெரியம்மா ஈரத்துணியால் துடைத்திருந்தார். அது போதாதென்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெரியப்பா மறுபடி துடைத்தார். ஈரம் காய்ந்துவிட்டதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு அறைக்குள் போய், ஒரு தகரக் குழாயிலிருந்து நீலத்தாள் சுருளை உருவி, பச்சைப்பிள்ளையை ஏந்துவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். விரித்த வேகத்தில் அது சுருண்டுகொண்டது. ஒரு மூலைக்குப் பிஸ்கட் டின், ஒரு மூலைக்கு ஊறுகாய் பாட்டில், இன்னொன்றுக்கு மூக்குக்கண்ணாடிக் கூடு, நான்காவது மூலைக்குத் தன் முழங்கை. நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டம் முழுவதும் வெள்ளைக்காரன் காலத்துக் கோடுகளாக அந்த மேசையில் கிடந்தது. "யாருக்கும் தெரிய வேணாம். ஆபீசு அலமாரியில இருந்து எடுத்துட்டு வந்திருக்கேன். யாராச்சும் கேட்டா நான் குடுக்கல, நீயும் பாக்கல. வெளங்குதாம்மா?" என்றார். ஓய்வு பெற இரண்டு மூன்று வருடமே பாக்கியிருக்கிற மனிதர், எனக்காகத் தன் பெயரையே பணயம் வைக்கிறார் என்று நினைத்தேன். அன்று அவர் காலில் விழாத குறைதான். இப்போது அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரியப்பா தோட்டத்தில் கண்டக்டர். பேருந்தில் சீட்டுக் கிழிப்பவர் இல்லை. மலைவேலை முழுவதையும் மேற்பார்ப்பவருக்கு எங்கள் தோட்டத்தில் அதுதான் பெயர். துரைக்கு, அதாவது தோட்டத்து மேனேஜருக்குக் கீழே, கங்காணிகளுக்கு மேலே. காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, காதில் செருகிய பென்சில். அப்பா லோரி கவிழ்ந்து இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. வேலை செய்கிற ஆள் இல்லாத வீட்டைக் காலி செய்யச் சொல்வது தோட்டத்து வழக்கம். காரியம் முடிவதற்குள் அம்மாவுக்கு நாற்று வளர்க்கும் இடத்தில் வேலை பிடித்துக் கொடுத்து, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடு கைவிட்டுப் போகாமல் காப்பாற்றியவர் அவர். என் பள்ளி ரிப்போர்ட்டில் அப்பா கையெழுத்துப் போடவேண்டிய இடத்திலெல்லாம் அவர் கையெழுத்துதான். போடுவதற்கு முன் ஒவ்வொரு பாடமாக விரல் வைத்துப் படிப்பார். "பேசுனது பனியோட போயிரும். எழுதுனதுதான் நிக்கும்" என்பார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டே, எதையும் எழுதி வைக்கிற புத்தி எனக்கு வந்தது. அந்தப் புத்திதான் பின்னால் எல்லோருடைய குடியையும் கெடுத்தது.

எங்கள் லயத்துக்குக் கீழே ஓர் ஆறு. ஆறு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மழையில்லாத நாளில் கல்மேல் கால்வைத்துச் செருப்பு நனையாமல் தாண்டிவிடலாம். குறுக்கே ஒரு மரப்பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் செமாய் மக்களின் கம்போங், சிறு கிராமம். இந்தக் காட்டின் ஆதிக்குடிகள் அவர்கள். காட்டை வெட்டித் தேயிலை நடுவதற்காக எங்கள் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததெல்லாம் எவ்வளவோ பிற்பாடு. அவர்களுடைய தலைவரைப் பாத்தின் என்பார்கள். அது பதவியின் பெயர். பாத்தினின் மகளும் நானும் தானா ராத்தா டவுனில் ஒரே இடைநிலைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். தோட்டத்துப் பிள்ளை, காட்டுப் பிள்ளை என்று டவுன் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒதுக்கியதால் ஒட்டிக்கொண்டோம். அவளுக்குத் தமிழில் நாலைந்து வசவுகள் தெரியும், எல்லாம் என் உபயம். மற்றபடி நாங்கள் பேசிக்கொள்வது மலாயில்தான். இங்கே அவள் பேச்சை எனக்குக் காதில் விழுகிற தமிழில் எழுதுகிறேன்.

விஷயமெல்லாம் கம்போங்குக்குப் பின்னால் ஏறும் சரிவைப் பற்றியது. அவர்களுக்கு மூங்கிலும் பிரம்பும் அங்கிருந்துதான். குடிதண்ணீர் குழாய் வழியே அங்கிருந்துதான் இறங்கியது. பழைய மரவள்ளிக் காடுகள் அங்கேதான் இருந்தன. இறந்தவர்களைப் புதைத்திருப்பதும் அங்கேதான். தோட்டம் அந்தச் சரிவைத் தன்னுடையது என்றது. ஒரு தேயிலைச் செடிகூட அங்கே நட்டதில்லை. ஆனாலும் தன்னுடையது என்றது. காய்கறி போடும் ஒரு கம்பெனிக்கு அதைக் குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியதும் கம்போங்கில் சோறு இறங்கவில்லை. கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளத்தோடு சேறு வந்து வீடுகளுக்குள் புகுந்ததை எல்லோரும் பார்த்தவர்கள். சரிவைச் சீவிப் பிளாஸ்டிக் கூரை போட்டால் முதல் மழைக்குத் தங்கள் தண்ணீர் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போதுதான் கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. படித்த பிள்ளைகள் நான்கு பேர், அவர்களுக்கு ஒரு தலைவி. நிலம் யாருடையது என்று நில அலுவலகத்தில் விசாரணை நடக்கும்போது, வாயால் சொன்னால் எடுபடாது, கம்போங் ஆட்களே நடந்து, கருவியில் பதிந்து, தங்கள் நிலத்தின் வரைபடத்தைத் தாங்களே செய்து வைக்க வேண்டும் என்றார்கள். ஜிபிஎஸ் கருவியைப் பாத்தினின் மகள் கையில் கொடுத்தார்கள். குறிப்பு எழுத ஓர் ஆள் வேண்டும், மலாயும் ஆங்கிலமும் தெரிய வேண்டும், மலையேறச் சலிக்கக் கூடாது என்றபோது, "என் கூட்டாளி இருக்கா" என்று அவள் என்னைக் கைகாட்டினாள். கம்போங்கில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. தோட்டத்துப் பெண்ணிடம் நம் காட்டைக் காட்டுவதா என்றார்களாம். பாத்தின் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வேகவைத்த மரவள்ளியை முன்னால் வைத்து, "நீ எழுதுறத எங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்" என்று மட்டும் சொன்னார். நான் ஒவ்வொரு நாளும் வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்தைத் தவிர. அதை வாசிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

வரைபடம் செய்த அந்த ஒன்பது மாதத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்த காலம் வேறு இல்லை. காலையில் அட்டைக் கடிக்குப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு கிளம்புவோம். பாத்தின் முன்னால், மகள் கருவியோடு நடுவில், நான் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால். ஒவ்வோர் ஊற்றுக்கும் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பெயர் இருந்தது, பெயருக்குப் பின்னால் ஒரு சங்கதி இருந்தது. ஓர் இடத்துக்குப் பன்றி துரத்தி ஒருவர் மரத்திலேறிய பெயர். இன்னோர் இடத்துக்கு மழையில் மாட்டிக்கொண்ட கல்யாணக் கூட்டத்தின் பெயர். புதைத்த இடங்களில் மட்டும் பாத்தின் பேச மாட்டார். இறந்தவரின் பெயரை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பத்தடி தள்ளியே உட்கார்ந்து, மோவாயால் திசையைக் காட்டுவார். மகள் கருவியை அழுத்துவாள். பெயர்க் கட்டத்தில் என்ன எழுதுவது என்று முதல் நாள் நான் முழித்தேன். "ஒருவர்னு எழுது" என்றாள் அவள். அப்படியே எழுதினேன். எங்கள் வரைபடத்தில் சரிவின் மேல்பக்கம் முழுவதும் ஒருவர், ஒருவர், ஒருவர் என்று புள்ளிகள். அவற்றில் ஒன்று அவளுடைய அம்மா.

மலையில் பனி இறங்கிவிட்டால் எந்த முகடு எது என்று தெரியாது. இடத்தின் பெயர்கள் எனக்குப் புதிது. வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தால் தலை சுற்றும். ஒருமுறை இரண்டு ஊற்றுகளை ஒன்றென எழுதிவிட்டு, மறுபடி முழுச் சரிவையும் ஏற வேண்டிவந்தது. அந்த ஞாயிறு பெரியப்பா வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரித்தார். "மலையில பொறந்த பிள்ளைக்கு மலை தெரியலையா? நம்பர் போட்டு வெச்சுக்க வேண்டியதுதானே?" என்றார். அடுத்த ஞாயிறுதான் நீலத்தாள் வந்தது.

இங்கே எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்துக்காரர்களுக்கு ஊர் என்பதே எண்தான். வெள்ளைக்காரன் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டுப் போனான். நாங்கள் அதற்குள் குடியேறிவிட்டோம். பன்னிரண்டில் புலியின் கால்தடம் பார்த்தார்களாம் என்போம். முப்பதில் கொழுந்து எடுக்கும்போது பெண் கேட்டு வந்தார்கள் என்போம். என் அப்பாவின் லோரி கவிழ்ந்தது இருபத்தேழுக்கு இறங்கும் வளைவில். பெயர் சொல்லு என்று எங்களிடம் கேட்டால் எண்ணைச் சொல்வோம். அதனால் ஓர் இடத்துக்கு எண் போடுவது, அது யாருக்குச் சொந்தம் என்று சொல்வதாகும் என்று எனக்கு உறைக்கவில்லை. வேறு ஊரில், வேறு வீட்டில் பிறந்த எவளும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

எனக்குத் தெரிந்த எண்கள் எல்லாம் ஆற்றோடு முடிந்துவிடும். கடைசி மலை அறுபது. நீலத்தாளிலோ ஆற்றுக்கு அந்தப் பக்கமும் கோடுகள் போயின. கம்போங்குக்கு மேலே அறுபத்தொன்று தொடங்கி அறுபத்தெட்டு வரை எண்கள் இருந்தன. என்றைக்காவது நடலாம் என்று எந்தக் காலத்திலோ ஒரு துரை மேசையில் உட்கார்ந்து போட்ட எண்கள்; நான் பிறந்ததிலிருந்து ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. "ஆத்துக்கு அந்தாண்டயும் நம்பர் இருக்கா பெரியப்பா?" என்றேன். "இருந்தா இருந்துட்டுப் போவுது. கொழுந்தா எடுக்கிறோம் அங்க? உனக்கு எடம் தப்பாம இருக்கத்தான்" என்றார். காதிலிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் கொடுத்தார். அன்றிலிருந்து என் நோட்டில் ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்தில், இடத்தின் பெயருக்கு எதிரே அந்த எண்ணையும் எழுதினேன். ஞாயிறுதோறும் பெரியப்பா நோட்டை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். தப்பான எண்ணைத் திருத்திக் கொடுத்தார். என் ரிப்போர்ட்டைப் படித்த அதே பெரியப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது.

கோலாலம்பூரில் வரைபடத்தை அச்சாக்கியவர்கள் என் நோட்டில் இருந்ததை ஒரு புள்ளி விடாமல் ஏற்றினார்கள். பெரிய தாளில் வண்ணமாக வந்தது. பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. கம்போங்கின் கூட்டக் கொட்டகையில் மாட்டி எல்லோரும் பார்த்தார்கள். கிழவர்கள் தங்கள் ஊற்றைத் தேடித் தொட்டுப் பார்த்தார்கள். பாத்தினின் மகள் மட்டும், "இந்த நம்பர் என்ன?" என்று கேட்டாள். "அது ஒண்ணும் இல்ல லா. எனக்கு அடையாளத்துக்குப் போட்டது" என்றேன். அவள் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன்.

விசாரணை நில அலுவலகத்தின் மேல்மாடியில் நடந்தது. கம்போங்கிலிருந்து இருபது பேர் நல்ல உடை உடுத்தி வந்திருந்தார்கள். தோட்டத்தின் வழக்கறிஞர் பழைய பத்திரம் எதையும் காட்டவில்லை. எங்கள் வரைபடத்தையே மேசையில் விரித்தார். பாத்தினின் மகளைப் பார்த்து, "அறுபத்தொன்று என்று போட்டிருக்கிறதே, உங்கள் மொழியில் அதற்கு என்ன அர்த்தம்?" என்று மரியாதையாகவே கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அப்போது கோபம் இல்லை. நீ எழுந்து சொல்லு என்பதுதான் இருந்தது. நான் எழுந்து, அது தோட்டத்து எண், என் வசதிக்காக எழுதியது, நிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். வழக்கறிஞர் சாட்சி ஒருவரைக் கூப்பிட்டார். வெள்ளைச் சட்டை, நீளக் காற்சட்டையில் பெரியப்பா உள்ளே வந்தார். நான் அவரை அதுவரை அலுவலுக்கு நீளக் காற்சட்டையில் பார்த்ததில்லை. அதிகாரி கேட்டதற்கு மலாயில் நிதானமாகச் சொன்னார். இந்த எண்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை, அந்தச் சரிவு எப்போதும் தோட்டத்து மலைதான், வேண்டுமானால் பாருங்கள், அவர்கள் வரைபடத்திலேயே என் தம்பி மகள் தன் கையால் எழுதியிருக்கிறாள் என்றார். 'என் தம்பி மகள்' என்று சொல்லும்போது என் பக்கம் கையை நீட்டினார். கல்யாண வீட்டில் அறிமுகம் செய்துவைப்பதுபோல இருந்தது.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வீடுகள் நிற்கிற இடம் மட்டும் கம்போங்குக்கு, சரிவு இல்லை. ஆய்வுக் குழு மேல்முறையீடு என்று பேசியது. பிறகு மெல்ல மெல்ல அவர்கள் வருவது நின்றது. நான் பெரியப்பா வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினேன். ஆனாலும், இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, பெரியப்பாவை மனதுக்குள் பாதி மன்னித்துவிட்டிருந்தேன். வேலையில் இருப்பவர், துரை சாட்சி சொல்லக் கூப்பிட்டால் முடியாது என்று எப்படிச் சொல்வார்? எனக்கு நல்லது நினைத்துக் கொடுத்ததை அவர்கள் பின்னால் கண்டுபிடித்து அவரையே கூண்டில் ஏற்றிவிட்டார்கள், பாவம் மனிதர் என்று அம்மாவிடம்கூட அவருக்காகப் பரிந்து பேசினேன்.

அந்தப் பாதியையும் பெரியம்மாதான் பிடுங்கிப் போட்டார், தெரியாமல். தீபாவளிக்கு முந்தின வாரம், முறுக்குப் பிழியக் கைவேண்டும் என்று கூப்பிட்டு அனுப்பினார். அம்மா போ போ என்றதால் போனேன். அடுப்படியில் நானும் அவரும்தான். பேச்சுவாக்கில், பெரியப்பா ஓய்வு பெற்ற பிறகும் கண்டக்டர் பங்களாவிலேயே இருக்கலாம் என்று துரை சொல்லிவிட்டதைப் பெருமையாகச் சொன்னார். "எல்லாம் உன்னாலதான் கண்ணு. அந்த மேப்ப உங்கிட்ட குடுக்கச் சொல்லி அவர் கையில எடுத்துக் குடுத்ததே துரைதானே. 'அந்தப் பிள்ள கையால ஒருதடவ எழுதிட்டா போதும், மத்தத நான் பாத்துக்கிறேன்'னாராம். நீ எவ்வளவு அழகா எழுதிக் குடுத்துட்ட!" என்றார். எனக்கு எல்லாம் தெரியும் என்றே அவர் நினைத்திருந்தார். நானும் சேர்ந்து செய்த காரியம் என்று. எண்ணெய் காய்ந்து புகைந்தது. நான் பிழிந்துகொண்டிருந்த முறுக்கைப் பிழிந்து முடித்தேன் என்பது இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவர் சொன்னதும், ஈரம் காய்ந்ததா என்று தடவிப் பார்த்ததும், ஞாயிறுதோறும் படித்துத் திருத்தியதும் எல்லாம் வேலையாகவே நடந்திருக்கிறது. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று வாய்ச்சொல்லாகச் சொல்வோமே, அதற்கு இவ்வளவு பொறுமை வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

பெரியப்பா தோட்டத்திலிருந்து வரும்வரை வாசலில் நின்றேன். கேட்டேன். அவர் மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. காலுறையைக் கழற்றி உதறிக்கொண்டே, "உனக்கும் சேத்துத்தான்மா பண்ணேன். உன் அம்மா லயத்துல இருக்கா. நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா மொதல்ல யார் வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க?" என்றார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொல்லியிருந்தா நீ எழுதியிருப்பியா?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அம்மாவின் வீடு அவர் கையில்தான் இருந்தது. நான் அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுதான் அந்தச் சரிவில் ஏறி இறங்கினேன். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதற்காகவே அவரை இன்னும் அதிகமாக வெறுத்தேன். அந்த மாதமே தானா ராத்தாவில் ஒரு பல் மருத்துவரிடம் பதிவு மேசையில் வேலை தேடிக்கொண்டு, இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, அம்மாவை அழைத்து வந்துவிட்டேன். இதை முன்பே செய்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

பாத்தினின் மகளைப் பேருந்து நிலையத்தில் ஒருநாள் பார்த்தேன். கைநிறையச் சாமான். உதவிக்குப் போனபோது பையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். நான் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்: மேசை, நீலத்தாள், பெரியம்மா சொன்னது. அவள் முழுவதையும் கேட்டாள். "நீ தெரியாமத்தான் எழுதினேன்னு நம்பணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா அன்னிக்கும் நீதான் ஒண்ணும் இல்லன்னு சொன்னே, இன்னிக்கும் நீதான் சொல்றே. அந்த மேப்பக் குடுத்தவர் பாலத்தத் தாண்டி வந்து, எங்கப்பா முன்னால அவர் வாயால சொல்லட்டும்" என்றாள். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள். பெரியப்பாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். பதிலில்லை. அம்மாவையே ஒருமுறை அனுப்பினேன். முடிந்துபோனதைக் கிளறாதே என்று சொல்லி, ஒரு பை முள்ளங்கி கொடுத்து அனுப்பினார். எனக்கு நஷ்டஈடும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அந்தக் கம்போங்கில் என் பெயர் துரையின் ஆள் என்று கிடக்கிறது, அது மாறவேண்டும். அதைச் செய்யக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

இப்போது அந்தச் சரிவில் பிளாஸ்டிக் கூரைகள். கம்போங் ராஜா டவுனுக்குப் போகும் பாதையில் பேருந்திலிருந்து பார்த்தாலே வெள்ளையாகத் தெரியும். ஆறு பால் கலந்த தேயிலைத் தண்ணீர் நிறத்தில் ஓடுகிறது. கம்போங்குக்குக் குடிதண்ணீர் வாரம் இரண்டுமுறை லோரியில் வருகிறது. போன வருடம் பாத்தின் இறந்துபோனார். அவரை அவர் மனைவிக்குப் பக்கத்தில் புதைக்க முடியவில்லை. சாலையோரமாகப் புதைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. போக எனக்கு முகமில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் மருத்துவரின் கிளினிக்குக்குப் பெரியப்பா வந்தார். பல்வலிக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை காத்திருந்தார். நன்றாக இளைத்திருந்தார். துரை மாறிவிட்டாராம். புதுத் துரை, பழைய துரை உங்களுக்குச் சொன்னதற்குத் தாள் எங்கே என்று கேட்டாராம். தாள் இல்லை, பேச்சுத்தான். பங்களாவோடு, இப்போது ஓய்வு பெற்றவர்கள் இருக்கும் எங்கள் பழைய லயத்தையும் சேர்த்து மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. ஈப்போவில் ஒரு வழக்கறிஞர், நீங்கள் எத்தனை தலைமுறையாக அங்கே இருக்கிறீர்கள், எங்கே குடியிருந்தீர்கள், யாரை எங்கே புதைத்தீர்கள் என்று ஒரு வரைபடம் செய்துகொண்டு வாருங்கள் என்றிருக்கிறார். அவர் கண் என் மேசைமேல் இருந்த பேனாவில் இருந்தது. "நீதாம்மா செஞ்சு தரணும். உனக்குத்தான் அந்த வேலை தெரியும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. கிளினிக்கின் பின்பக்கம் அழைத்துப் போய் உட்காரவைத்தேன். வயதான மனிதர், தேநீர் வாங்கிக் கொடுத்தேன். வரைந்து தருகிறேன் என்றேன். அம்மா அந்த லயத்தில் முப்பது வருடம் இருந்தவள், அங்கே இன்னும் நாற்பது குடும்பம் இருக்கிறது. இவர்மேல் உள்ள கோபத்துக்கு அவர்களைத் தெருவில் விட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தோட்டத்து ஆள் தோட்டத்து ஆளுக்குச் சாட்சி சொன்னால் செல்லாது, வெளியாள் ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். எங்கள் முதல் லயம் எழும்பியதிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற வெளியார் யார்? பெரியப்பாவுக்கே அது தெரிந்திருந்தது. கம்போங் சார்பில் இப்போது கையெழுத்துப் போடுபவள் பாத்தினின் மகள். "அவ உன் கூட்டாளிதானே? நீ கேட்டா போடுவா" என்றார்.

"நான் கேக்க மாட்டேன் பெரியப்பா. நீங்கதான் போகணும்" என்றேன். "போயி மொதல்ல அந்த மேப்ப யார் குடுக்கச் சொன்னாங்க, நீங்க எனக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க, அதச் சொல்லுங்க. கையெழுத்துப் பேச்ச அப்புறம் எடுங்க."

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே யோசித்தார். ஒரு கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்க்கும்போது அவர் உதடு அசையும், இப்போதும் அசைந்தது.

"அதச் சொன்னா அவ போடுவாளா?"

"தெரியாது. போட மாட்டான்னுதான் நெனைக்கிறேன்."

"அப்புறம் எதுக்குமா சொல்லணும்?" என்றார்.

குத்தலாகக் கேட்கவில்லை. வீம்புக்கும் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல், என் முகத்தைப் பார்த்து, நான் சொல்லும் பதிலுக்காகக் காத்திருந்தார். என்னை வளர்த்த மனிதர். பதிலை நான் எந்த வார்த்தையில் சொன்னாலும் அது அவருக்குப் போய்ச் சேராது என்று அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே மருத்துவர் மணியடித்தார். மழை பிடிப்பதற்குள் பஸ் ஏறிவிடுங்கள் பெரியப்பா என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடப் போனேன்.